ஜூலை முதல் தேதிக்குள் ஒரு பட்டியல்

சாஸ்கட்டூன்,
மார்ச் 14

அன்புள்ள லோவெலுக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? என் போனை நீ எடுக்காததில் வருத்தமில்லை. உன் இடத்தில் நானும் எடுத்திருக்க மாட்டேன்.

இங்கே இன்னும் மைனஸ் இருபத்தெட்டு. நேற்றும் தோற்றோம், ஐந்துக்கு ஒன்று. கேப்டன் நீ இல்லாத பின்வரிசையில் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். ஐஸ் ஹாக்கி மட்டையும் உடுப்பும் பார்த்துக்கொள்ளும் வெர்ன் உன் பெயர்ப்பலகையை இன்னும் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நீங்களே கழட்டிக்குங்க, உங்களுக்குத்தான் கை கூசாது" என்றான். என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த வருடம் கோப்பைச் சுற்றுக்குப் போக மாட்டோம் என்பது ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. உனக்கோ வயது முப்பத்துமூன்று. ஜூன் டிராஃப்டில் பதினெட்டு வயதுப் பையன்களைப் பொறுக்கும்போது, முதல் சுற்றில் ஆள் எடுக்கும் தங்கள் வாய்ப்பை உனக்கு ஈடாகத் தருவதாக ஃபுளோரிடாக்காரர்கள் சொன்னார்கள். இதை விட்டால் என் நாற்காலியும் சேர்ந்து போகும் என்றார் முதலாளி. இன்று ஆடுகிறவனைக் கொடுத்து, நாளை ஆடப்போகிறவனை வாங்குவதுதான் மேனேஜராக இருபது வருடமாக என் பிழைப்பு. அந்தப் பையன்களில் பாதிப் பேர் தேறியதே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, லோவெல்.

ஆனால் உன் விஷயம் அப்படிப்பட்டதல்ல. நீ போக விரும்பாத பத்து அணிகளை எழுதி, ஒவ்வொரு ஜூலை முதல் தேதிக்குள்ளும் எனக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த வருடம் உன்னை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். இது உன் ஒப்பந்தம். எல்லா வருடமும் ஃபுளோரிடாதான் முதல் பெயர். போன ஜூனில், ஏரிக்கரையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது, நமக்குள் காகிதம் எதற்கு, டெஸ்ஸா இங்கே படிக்கும்வரை உன்னை அசைக்க மாட்டேன் என்று நான்தான் சொன்னேன். காது கேளாத அந்தக் குழந்தை தன் டீச்சரோடு ஒட்டவே இரண்டு வருடம் ஆனது எனக்குத் தெரியாதா? அன்று மனசாரத்தான் சொன்னேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி மூன்று மணியோடு வீரர்களை மாற்றிக்கொள்ளக் கெடு. காலையில் உன் ஃபைலைப் புரட்டினேன், பட்டியல் இல்லை. பயிற்சியிலிருந்து உன்னைக் கூப்பிட்டார்கள். ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாய். நீ கத்தவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதானே அனுப்பல?" என்று மட்டும் கேட்டாய்.

முதலாளி, வயது, கட்டாயம் என்று என்னென்னவோ உளறினேன். ஆமாம் என்பதுதான் பதில். அன்று வாய் வரவில்லை, இன்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை கடையில் உன் மனைவியையும் மகளையும் பார்த்தேன். நாடியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெஸ்ஸா மட்டும் ஓடிவந்து, அப்பா எப்போது வருவார் என்று சைகையில் கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது, நீ சொல்லிக்கொடுத்ததாயிற்றே. பால் பாக்கெட்டில் போட்டிருந்த தேதியைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

உன் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அங்கே உன் புது மேனேஜர் நல்ல மனிதர். வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைப்பார், வாக்கும் கொடுப்பார். நீ ஜூலை முதல் தேதிக்குள் பட்டியலை அனுப்பிவிடு. பத்துப் பெயரையும் நிரப்பு.

முடிந்தால், நம் சாஸ்கட்டூன் அணியின் பெயரை மட்டும் அதில் எழுதாதே.

உன் நலம் நாடும்,
வாரன்