எட்டு மணி நேர ஓய்வு

மார்ச் 4
ஒன்பது பேரின் கைக்கடிகாரப் பதிவுகளும் வந்தாயிற்று. எட்டுப் பேர் ஒழுங்கு. மாரத்தான் அணியின் நான்காவது ஆள், நெட்டையக்கா, மறுபடி மந்தம். பகலில் எட்டு மணி நேரம் முழு ஓய்வு என்று திரையில் கட்டம் பச்சையாக இருக்கிறது. மாலை ஓட்டத்தில் ஆமை வேகம்.
போனில், "காலு கெஞ்சுது தம்பி, முன்னெலும்புல ஒரே குத்தல்" என்றாள்.
"பகலெல்லாம் ராணி மாதிரி உக்காந்திருந்தா கெஞ்சத்தான்க்கா செய்யும்."
சிரித்தாள். தூரத்தைப் பத்து விழுக்காடு கூட்டினேன்.

மார்ச் 9
வலி, வலி, வலி. எண்ணில் எங்கே இருக்கிறது வலி?

மார்ச் 12
"நாலாவது ஆள் தேறுமா?" என்று சங்கச் செயலாளர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 'உடல் தயார். முயற்சி போதாது.' மாலைக்குள் அவள் இடத்தில் வேறு பெண். இரண்டு வருடம் அந்த இடத்துக்காக ஓடியவள் அனுப்பியது ஒரே வரி: "சரி தம்பி."

மார்ச் 15
அக்காவுக்குக் கால் எலும்பில் விரிசல். டாக்டர் பயிற்சிப் பதிவுகளைக் கேட்டாராம், மடிக்கணினியோடு போனேன்.
"என்ன வேலைம்மா?"
"கிடங்குல சாமான் எடுத்துக் குடுக்கறது டாக்டர். எட்டு மணி நேரமும் நடைதான்."
"வாட்ச்?" என்றேன்.
"கேட்லயே கழட்டச் சொல்லிடுவாங்களே தம்பி. லாக்கர்ல கெடக்கும்."
கிடங்கில் கணக்கெழுதுகிறாள் என்று நானாக நினைத்திருந்தேன். நான் கோச்சாகி ஏழு மாதம்! துடிப்பு பதிவாகாத நேரத்தை ஓய்வு என்று நிரப்பும் அந்த நிரல் வரி — அதை எழுதியவனும் நான்தான்.
டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கோச்சா?"
மடிக்கணினியை மூடினேன்.

மார்ச் 16
ஏன்டா கேக்கல? ஒரு வார்த்தை. வாய்ல என்ன பூட்டா?

மார்ச் 18
செயலாளரிடம் புது அறிக்கை கொடுத்தேன்.
"பட்டியல் போயாச்சேப்பா. அவளாலயும் இப்ப ஓட முடியாது. இனிமே இது எதுக்கு?"
"பழசு பொய் சார்."

மார்ச் 23
சனிக்கிழமைகளில் கிடங்குக்கு ஒருநாள் ஆட்கள் எடுக்கிறார்கள். போய்ச் சேர்ந்தேன். வாசலில் கடிகாரத்தைக் கழற்றி லாக்கரில் வைக்கச் சொன்னார்கள்.
அக்கா காலில் கட்டோடு லேபிள் ஒட்டும் மேசையில் இருந்தாள். "வாங்க தம்பி. இப்பத்தான் நெஜமாவே ராணி மாதிரி உக்காந்திருக்கேன்."
"அக்கா, அந்த அறிக்கைல நான்..."
"தெரியும். செயலாளர் படிச்சுக் காட்டினாரு. ரெண்டையும்." லேபிளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினேழாவது வரிசைல ஆள் இல்ல. போங்க."
போனேன்.
வீட்டில் ஷூவைக் கழற்றக் குனிய முடியவில்லை. மற்றவர்களின் கணக்குகளில் அந்த வரியை மாற்றிவிட்டேன். என்னுடையதில் மட்டும் விட்டுவைத்திருந்தேன். கடிகாரத்தை இணைத்தேன்.
எட்டு மணி நேரம். பச்சை. முழு ஓய்வு.