மருந்துப் புட்டியில் சந்தனம்

லாத்தா,

கணவர் போன பிறகு எனக்குப் பக்தி முற்றிவிட்டதாம். அதனால்தான் ஆண்டுதோறும் நாகூர் கந்தூரிக்குப் போகிறேனாம். உறவினர் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அவரும் நீங்களும் ஒரே ஆண்டில் இறந்துபோனதால் வந்த குழப்பம். நான் போவது உங்களுக்காக. இன்று கொண்டுவந்த சந்தனம் மேசைமேல் இருக்கிறது. அறை முழுக்க அதன் மணம்.

துபாயில், தேராவில் நீங்கள் மூன்றாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. நாகூரில் கொடி ஏறும் நாளில் நீங்கள் நெய்ச்சோறு ஆக்கிக் கட்டடம் முழுவதற்கும் தட்டு அனுப்புவீர்கள். எண்பதுகளின் நடுவில் ஓர் ஆண்டு உங்கள் அடுப்பு எரியவில்லை. உங்கள் கணவர், பாய், மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் லீவில் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"நாகூர் எஜமானுக்குப் பூசுன சந்தனம் கொஞ்சம் கொண்டாந்துடுங்கம்மா. அவுஹ நெஞ்சுல தடவணும்" என்றீர்கள். அழுகைக்கு நடுவிலும் கிண்டல் விடவில்லை. "கான்வென்ட்டம்மா, அங்கே போயி கியூ எங்கேன்னு தேடாதீங்க. முண்டுனாத்தான் கிடைக்கும்."

நான் முண்டவில்லை. தர்கா வாசலில் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒழுங்கு தெரியாத கூட்டம் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்துவிட்டேன். கடைத்தெருவில் சந்தனத்தூள் வாங்கிப் பன்னீரில் குழைத்தேன். கழுவிய மருந்துப் புட்டியில் அடைத்து, 'நாகூர்ச் சந்தனம்' என்று என் நல்ல கையெழுத்தில் சீட்டு ஒட்டினேன். நாகூரில் வாங்கியதுதானே என்று எனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் அந்தப் புட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் பாய் இறந்தார். துக்கம் கேட்க வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "எஜமான் சந்தனத்தோட போயிருக்காஹ. எனக்கு அது போதும்மா" என்றீர்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து நீங்கள் ஊருக்குப் போன பிறகும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் ஒவ்வொன்றிலும் அந்தச் சந்தனத்துக்கு நன்றி இருக்கும். நான் பதிலில் துபாய் வெயிலைப் பற்றி எழுதுவேன்.

இப்போது நானும் முண்டுகிறேன், லாத்தா. இந்த வயதில், முழங்கால் வலியோடு. ஒருமுறை செருப்பைத் தொலைத்தேன். இந்த ஆண்டு கண்ணாடி உடைந்தது. ஆனால் சந்தனம் வாங்காமல் திரும்புவதில்லை. வாங்கி வந்து தடவத்தான் யாருமில்லை.

அன்று நான் தந்தது கடைச் சந்தனம். நீங்கள் இருந்தவரை சொல்லத் துணியாததை இப்போது எழுதிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம். எதுவானாலும் எழுத்தில் பதில் போடுங்கள்.