மாவாக அரைத்த காபி

அன்பு அக்கா,

நீ அனுப்பிய காபிக்கொட்டைப் பொட்டலங்கள் இரண்டும் வந்து சேர்ந்தன. சிகிச்சை தொடங்கியதிலிருந்து என் நாக்கு ருசி அறியாத மரக்கட்டை என்று தெரிந்தும் அனுப்பியிருக்கிறாய். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, பார்த்துத்தான் விடுவோமே என்று தோன்றியது.

லேசாக வறுத்த கொட்டை கையில் கனக்கிறது. கறுக்க வறுத்ததோ கனமே இல்லை, விரலில் எண்ணெய் ஒட்டுகிறது. இது உனக்குத் தெரியுமா? அரைக்கும் மெஷினின் குமிழைத் தினமும் கொஞ்சம் திருப்பி, ரவையாகவும் பொடியாகவும் அரைத்துப் பார்க்கிறேன். ருசி பார்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. அவரோ எதைக் கொடுத்தாலும், "நல்லாத்தான் இருக்கு" என்பார்.

"வெந்நீரைக் குடுத்தாலும் இதையேதான் சொல்வீங்க. ரவை மாதிரி அரைச்சதுக்கும் பொடியா அரைச்சதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரெண்டுமே சூடா இருக்கும்மா."

பொறுக்க முடியாமல் இன்று காலை கறுத்த கொட்டையை மாவாகவே அரைத்துவிட்டேன். டிகாக்‌ஷன் இறங்கவே மனமில்லாமல் சொட்டியது. பாலும் சர்க்கரையும் இல்லாமல் அப்படியே நீட்டினேன். ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கோணியது.

"ஐயோ, ஒரே கசப்பு! கொட்டிடட்டுமா?"

அப்படி என்னதான் ஆகிவிட்டது என்று நானும் ஒரு வாய் குடித்தேன். அக்கா, கசந்தது. அடிநாக்கில், கொஞ்சமாக, ஆனால் கசந்தது.

"கொட்டாதீங்க" என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தேன். விழித்துக்கொண்டு நின்றவர், புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நிஜமாவா? நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டருக்கும் முன்னால் உனக்குத்தான் சொல்கிறேன். நாளைக்குச் சர்க்கரை போட்டுப் பார்க்க வேண்டும்.

உன் தங்கை