யார் தொடை?

என்னங்க,

நான் நல்லாத்தான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தைக்கு இருமல் நின்றதா? இங்கே நடந்த கூத்தைப் படித்துப் பயப்படாதீங்க, சிரிங்க.

போன வாரக் கச்சேரியில், உங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்க தாளம் தப்பாமல் எப்படிப் பாடுறாங்க என்று ஒருத்தர் கேட்டார். அதற்குப் பதிலை என் வலைப்பதிவில் எழுதினேன்: "தொடையில் பளார் பளார்னு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாத்தான் பிள்ளைகளுக்குத் தாளம் நிக்கும்." யார் தொடை என்று எழுத மறந்துவிட்டேன்.

மறுநாள், நான் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூட வாசலில் அம்மாமார் எல்லாம் படை திரண்டு நின்றார்கள். தலைமை ஆசிரியர், "பிள்ளைங்களை அடிக்கிறவங்களுக்கு இங்க வேலை கிடையாது" என்றுவிட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, பாடிக்கொண்டே என் தொடையில் தாளம் போட்டேன்.

முன்னால் நின்ற அம்மா, "அடப் பாவமே, இவங்க தன்னைத்தானே அடிச்சுக்கிறாங்க!" என்றாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வேலை பிழைத்தது.

ஆனால் தலைமை ஆசிரியர், "இனிமே யாராவது சரிபார்த்த பிறகுதான் எழுதினதைப் போடணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் ஆறாவது வரை படித்தவள், நீங்கள் எட்டாவது வரை. நம் வீட்டுப் பண்டிதர் நீங்கள்தானே? தினமும் சாயங்காலம் போனை எடுங்க, வாசித்துக் காட்டுகிறேன். எழுதாத அன்றைக்கும் எடுங்க, பழைய பதிவுகளிலும் தப்பு இருக்கும். பிழை திருத்தத்தான், வேறு ஒன்றுமில்லை.

பாட்டுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

உங்கள் பாட்டுக்காரி