எங்கள் வீட்டில் ஓட்டல் என்ற சொல்

ஏப்ரல் 9, 2025

சாமை புடைத்துக்கொண்டிருந்தபோது அதே ஜீப் வந்தது. அருள்மணி என்று பெயர் சொன்ன ஆள். போன மாதம் கடைசிப் பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று, பன்னிரண்டாவது முடிக்கும் பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போனவர். மூன்று மாதம் சமையல் பயிற்சி, தங்க இடம், பிறகு பெங்களூரில் பெரிய ஓட்டலில் வேலை. எல்லாம் இலவசமாம்.

அப்பாவைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். நான் தண்ணீர் கொண்டுபோனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஏன் மூட வேண்டும்?

ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்த நோட்டை யாரும் இனிமேல் பிரிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 10

தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஓட்டல் என்று யாரும் சொல்ல மாட்டோம். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு புரோக்கர் வந்து, ஓசூரில் ஓட்டல் வேலை என்று ஊரிலிருந்து நான்கு பேரை லாரியில் ஏற்றினான். அதில் அப்பாவும் ஒருவர். வழியில், பத்திரமாக வைக்கிறேன் என்று எல்லோருடைய போனையும் வாங்கிக்கொண்டானாம். இறங்கிய இடம் ஆந்திராக் காடு. கையில் கோடாலி கொடுத்து, செம்மரம் வெட்டச் சொன்னார்கள். போலீஸ் பிடித்து, பதினொரு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார் அப்பா.

அந்த அப்பாவா இந்த ஆளிடம் தலையாட்டுகிறார்?

ஏப்ரல் 12

எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதுதான் பயம். பிடிக்காவிட்டால், வர மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

ஆண்டு விழாவுக்குச் சத்துணவு பச்சையம்மா அக்கா முந்நூறு பேருக்குச் சமைத்தார். உப்பை நான்தான் போட்டேன். அக்கா ருசி பார்த்துவிட்டு, "உன் கைல அளவு கீது, பூங்கோத" என்றார். தேவி டீச்சரிடம் போய்க் கேட்டேன். சமையலுக்கும் படிப்பு இருக்கிறதாம். மூன்று வருடம் டிகிரி, ஒன்றரை வருடம் டிப்ளமோ. பேக்கரி தனி. பரிமாறுவதற்கும் தனியாகப் படிக்கலாம், சமையலறைக் கணக்குப் பார்ப்பதற்கும் ஆள் எடுப்பார்கள். வேலூர்ப் பக்கம் அரசு நிலையம் ஒன்று இருக்கிறது என்று பெயர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அப்பாவிடம் காட்டினேன். படிக்கத் தெரியாதவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பித் தரவில்லை.

ஏப்ரல் 15

அருள்மணி இன்று வீட்டில் சாப்பிட்டார். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் நான்தான் போட்டேன். பதினைந்து வருடம் கிச்சனில் இருந்தாராம். பச்சையம்மா அக்காவின் முழங்கைவரை கோடுகோடாகச் சூட்டுத் தழும்பு இருக்கும். இவர் கையில் மோதிரம்தான் இருக்கிறது.

"அண்ணா, நூறு பேருக்குச் சாம சோறு ஆக்கணும்னா தண்ணி எவ்ளோ வெப்பீங்க?"

சிரித்தார். "அதெல்லாம் அங்க போனா சொல்லித் தருவாங்கம்மா. இப்பவே இன்னா அவசரம்?"

"அங்க வூட்டுக்குப் போன் பேசலாமா?"

"ட்ரெய்னிங் முடியிற வரைக்கும் போன் கெடையாது. படிப்பு கெட்டுப்பூடும் இல்ல?"

அப்பா சோற்றில் கை வைத்தபடி அப்படியே நிமிர்ந்து பார்த்தார். இப்போது விரட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "சரிங்க. உங்க ஆபீசு அட்ரசு குடுங்க" என்றார்.

சரிங்கவாம்!

ஏப்ரல் 16

பெட்டியில் என் ஆதார் இல்லை. அம்மாவைக் கேட்டேன். "ஒங்கப்பாதான் எட்த்துனு போச்சு. எனக்கு ஒண்ணும் தெர்யாது." அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தாவது மார்க்‌ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் பாலித்தீன் பையில் சுற்றிச் சாமைக் குதிருக்குள் புதைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17

காலை பஸ்ஸில் அப்பா போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 19

இன்னும் வரவில்லை. அம்மாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள். என்னைக் கொடுப்பதற்குப் பேசி முடிக்கத்தான் போயிருக்கிறார். வேறு எதற்கு? நான் என்ன பண்ணுவேன்? எங்க ஓடுவேன்?

ஏப்ரல் 20

இரண்டு மணி நேரம் நடந்து தேவி டீச்சர் வீட்டுக்குப் போனேன். அப்பா என்னைப் புரோக்கரிடம் விடப்போகிறார் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே வாய் கசந்தது. டீச்சர் யாருக்கோ போன் செய்தார். "நீ வூட்டுக்குப் போ. நாளைக்கு வருவாங்க. தைரியமா இரு."

ஏப்ரல் 21

என்ன செய்துவிட்டேன்.

மத்தியானம் அப்பா ஏரிக்கரைப் பாதையில் நடந்து வந்தார். கையில் மஞ்சள் பை. அதே நேரம் எதிர்ப்பக்கம் ஒரு அரசு ஜீப் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள், ஒரு பெண் போலீஸ். காக்கியைப் பார்த்ததும் அப்பா பையைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடினார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் ஓடுவார்கள். எதற்கு வந்தார்கள் என்று கேட்க நிற்க மாட்டார்கள்.

பையை நான் எடுத்தேன். என் ஆதாரும் அதன் ஜெராக்ஸும். டீச்சர் எழுதித் தந்த சீட்டு. அந்த அரசு நிலையத்தின் விண்ணப்பம், புதுசு. ஈரம் காயாத ஒரு துண்டு, சோப்பும் பழைய எண்ணெயும் வாசம்.

அதிகாரிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அருள்மணியின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா வரவில்லை. மழை தூறுகிறது.

ஏப்ரல் 22

விடியும்போது வந்தார். காலெல்லாம் முள். அம்மா வெந்நீர் ஊற்ற, கையை நீட்டினார். உள்ளங்கை தோல் உரிந்து வெள்ளையாக வெடித்துப்போயிருந்தது.

அம்மாவிடம் சொல்வது போல என்னிடம் சொன்னார். முதலில் திருப்பத்தூரில் அருள்மணி சொன்ன விலாசத்துக்குப் போனாராம். "ஒரு ஷட்டர் கட. உள்ள ரெண்டு சேரு, ஒரு டேபுளு. அடுப்பே இல்ல. அடுப்பு இல்லாம இன்னா சமையலு சொல்லித் தருவான்? போனு கெடையாதுன்னப்பவே தெரிஞ்சிபோச்சி. கண்ணால பாத்துரலாம்னுதான் போனேன்."

அங்கிருந்து வேலூர்ப் பக்கம் போய், டீச்சர் சீட்டில் இருந்த நிலையத்தின் கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று நாள் கழுவினாராம்.

"கேட்டாண்ட நின்னு பாத்தா நல்லதாத்தான் தெரியும். உள்ள போயி பாக்கணும். பொண்ணுங்கோ போனு அதுங்க கைலயேதான் கீது. ஒண்ணு வெங்காயம் அரிஞ்சினே அவங்கம்மாளாண்ட பேசுது."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நல்லா இல்லன்னா நீ ஆசப்பட்டு ஏமாந்துருவ."

ஜீப்பை யார் வரவழைத்தது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. குதிருக்குள் கை விட்டுப் பையை எடுத்து, மார்க்‌ஷீட்டை ஒட்டியிருந்த சாமையை உதறி, அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

மே 8

பாஸ். 412.

மே 30

அருள்மணியின் நம்பர் இன்னும் அணைந்தே இருக்கிறதாம். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெண்கள் அவருடன் ஏப்ரல் முதல் வாரமே போய்விட்டார்களாம். தேடுகிறார்கள் என்று டீச்சர் சொன்னார்.

ஆகஸ்ட் 17

நிலையத்தின் விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நோட்டை யாரும் தேட மாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் போர்வைக்குள்தான் எழுதுகிறேன்.

இன்று ஐம்பது பேருக்குச் சாம்பார். இடது கையில் முதல் சூடு, ஒரு விரல் நீளம். சாயங்காலம் ஆறு மணிக்கு, தினமும் போல, அப்பா போன் செய்தார். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்பார், காற்று இரைச்சல் கேட்கும். நான் எடுக்கிறேனா என்று பார்ப்பதற்குத்தான் கூப்பிடுகிறார். எடுத்ததும் பேச்சு முடிந்துவிடும்.

இன்று நான் விடவில்லை. "அப்பா, அந்த ஜீப்பு... நான்தான் டீச்சராண்ட சொன்னேன்."



"தெரியும்" என்றார். "சந்தேகம் வந்தா சொல்லிரணும். நாங்க நாலு பேரும் அன்னிக்கி லாரில வாயத் தொறக்கல."

பிறகு, "நாளிக்கி ஆறு மணிக்கு எடு" என்றார்.