புளியமரம் இல்லாத கொல்லை

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் கேட்டால் பெங்களூரில் சிக்னல் இல்லை என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சோலார் கம்பெனிக்காரர் ஒருவர் நம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். பேனல் விலை இறங்கிவிட்டதாம், இப்போது ஊர் ஊராக நிலம் தேடுகிறார்களாம். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "புளியமரத்துக் கொல்லையில இருந்தே ஆரம்பிச்சிடலாங்க" என்றார்.

அங்கே ஏது புளியமரம்? நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே வெட்டியாயிற்று. ஊரே அதை ரோட்டோரக் கொல்லை என்கிறது. சிறுவயதில் ஏறி விளையாடிய மரம் என்று இன்னும் பழைய பெயரையே சொல்பவர் நீங்கள் ஒருவர்தான்.

நிலத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை என்றீர்கள்.

மரத்தைச் சொன்னவர், பட்டாவில் என் பெயரும் இருப்பதைக் கம்பெனிக்காரரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நேற்று மழை பெய்தது. கொல்லை முழுக்கக் கொள்ளு விதைத்துவிட்டேன்.

பாப்பாவின் அம்மா