மண்புழுக்கள் சாகவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி.

நீ எழுதிய சுற்றுச்சூழல் பாடங்களோடு உங்கள் அலுவலகம் அனுப்பிய பெட்டிகள் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. பூதக்கண்ணாடி, சல்லடை, மண்புழுத் தொட்டி என்று வகுப்புக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, எனக்குத்தான் வயிற்றெரிச்சல். பக்கத்து வகுப்பு டீச்சர் இருக்கிறாளே, அவள் தண்ணீரைக் கொட்டிக் கொட்டியே புழுக்களைச் சாகடித்தாள். திண்டாடும் ஆசிரியர்களுக்குப் போனில் சொல்லித்தருவது உன் வேலையாம், அதனால் அவளோடு வாரா வாரம் பேசுகிறாய். "உங்க பொண்ணுக்கு எவ்ளோ பொறுமை டீச்சர், நேத்து ஒரு மணி நேரம் பேசினாங்க" என்று என்னிடமே வந்து பீற்றிக்கொள்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். எனக்குக் கிடைப்பது சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வச்சிடறேன், அவ்வளவுதான். என் வகுப்புப் புழுக்கள் கொழுகொழுவென்று இருப்பது என் குற்றமா? பொறாமை என்றே வைத்துக்கொள். பெற்றவளுக்கு இல்லாத ஒரு மணி நேரம் அவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

அதனால்தான் போன வாரம், என் புழுக்களும் செத்துவிட்டன என்று உங்கள் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். நீ கூப்பிடுவாய் என்று பார்த்தால், உன்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி கூப்பிட்டார். பிள்ளைகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன், அதுதான் வினை. மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள் என்று அவர் ஆரம்பிக்கும்போதே முன் பெஞ்சு வாயாடி எழுந்து, "சார், புழு ஒண்ணும் சாகல, டீச்சர் சும்மா சொல்றாங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள். என் மானம் கப்பலேறியது. அந்தத் தம்பி சிரித்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க வகுப்பை மட்டும் என்னைப் பார்த்துக்கச் சொல்லிட்டாங்க உங்க பொண்ணு. அம்மாவுக்குப் பாடம் எடுக்கப் பயமா இருக்காம், தப்பு கண்டுபிடிப்பாங்களாம்" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னால், "நம்ம பொண்ணு சொன்னதுல என்ன பொய் இருக்கு?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். யார் யார் பிள்ளைகளோ என்னிடம் பயமில்லாமல் கேள்வி கேட்கின்றன. என் பிள்ளை என்னிடம் பயப்படுகிறது என்பதை வெளியாள் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேனே, அதுதான் தாங்கவில்லை. உன் பாடங்களை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நன்றாக இருக்கிறதடி. இப்படி எழுத எனக்கு வராது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரம் மறக்காமல் எனக்கும் பாடம் எடு. சத்தியமாக வாயைத் திறக்காமல் கேட்பேன். ஈரம் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இடிக்கிறது. அதையும் நீயாகக் கேட்டால்தான் சொல்வேன்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
அம்மா,
நான்காம் வகுப்பு.